நாற்காலியில் ஒரு முதியவர்

மார்ச் 14

வாயாடிக்கு,

நலம் விசாரிப்பைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் குறைகள்.

1. மார்ச் 2: உன் திருமணப் படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டதாகத் தெரிவித்தாய். கண் போன எனக்கு, படத்தோடு எழுதி வைத்திருப்பதைத்தான் கணினியின் குரல் படித்துக் காட்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல. முதல் படத்துக்கு அது ஒரு கோப்பு எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பித்தது.

2. மார்ச் 5: முறையிட்டேன். "சரி பண்ணிடறேன்ப்பா" என்றாய். மறுநாள் அதே படத்தில் "மறக்க முடியாத தருணம்" என்றிருந்தது. எதை மறக்க முடியாது என்பது பார்வையுள்ளவர்களுக்கு மட்டும் உரியது போலும்.

3. மார்ச் 9: விற்பனைத் தளத்தில் பொருள்களின் படங்களுக்கு விவரிப்பு எழுதுவது உன் உத்தியோகம். அங்கே நீ ஒரு செருப்புக்கு எழுதியதைக் கேட்டேன். பழுப்புத் தோல், பக்கவாட்டில் இரண்டு கொக்கிகள், குதிகாலில் சற்றே வெளிறிய தையல். விரலால் தடவியது போலிருந்தது. செருப்புக்குக் கிடைத்த மரியாதை உன் கல்யாணத்துக்குக் கிடைக்கவில்லை.

4. மார்ச் 12: கடைசிப் படத்தில் மட்டும் முழு வாக்கியம் ஒன்று இருந்தது. "நாற்காலியில் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு முதியவர்." யார் அவர்? உன் புகுந்த வீட்டுப் பெரியவரா? வயதானவரை மூலையில் உட்காரவைத்துவிட்டுப் படம் பிடித்து மகிழும் குடும்பத்திலா உன்னைக் கொடுத்தேன்?

நிலவியல் வகுப்பில், கையிலிருக்கும் கல்லை வர்ணிக்காமல் பெயரை மட்டும் சொன்ன மாணவர்களை வெளியே அனுப்பியவன் நான். மகளை எங்கே அனுப்புவது?

இங்கே குறையொன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டறதுக்காவது எழுதினீங்களே. மகளை எங்கே அனுப்பறதுன்னு கேட்டிருக்கீங்க. அனுப்பியாச்சேப்பா, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?

செருப்புக்கு ஒழுங்கா எழுதலைன்னா மேனேஜர் கத்துவாரு. நீங்க கத்தினா பழகிப்போச்சு. அதான் தள்ளிப் போட்டுட்டேன். தப்புதான்.

இந்த வாரம் உட்கார்ந்து எல்லாத்துக்கும் எழுதிட்டேன். முதல் படம் இப்படி: "நானும் அவரும் மண்டபத்து வாசல்ல. என் புடவை நுனி கதவுல மாட்டிக்கிச்சு. அவர் குனிஞ்சு எடுக்கிறாரு, நான் உதவி பண்ணாம சிரிக்கிறேன்." போதுமா, புரொபசர்?

கடைசிப் படத்துக்கு மட்டும் எழுதலை. எழுதற கட்டத்தைத் திறந்துட்டு ஒண்ணும் எழுதாம மூடினா, மென்பொருள் தானா ஒரு வரி போட்டுடும். அந்த வரி அது போட்டது.

அந்த முதியவர் நீங்கதான்ப்பா.

குரூப் போட்டோன்னதும் எல்லாரும் எழுந்து மேடைக்கு ஓடினோம். உங்களை மாமா கூட்டிட்டு வருவார்னு நான் நினைச்சேன், நான் ஆள் அனுப்பிருப்பேன்னு மாமா நினைச்சிருக்காரு. போட்டோகிராபர் திரும்பும்போது உங்களையும் ஒண்ணு எடுத்திருக்காரு. எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். "அப்பா"ன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை வரலை. அழிச்சா, அந்த மெஷின் வரி திரும்ப வந்து நிக்குது.

அந்தப் படத்தையே எடுத்துடட்டுமா?

உங்கள்
வாயாடி


மார்ச் 27

மகளுக்கு,

விவரிப்புகள் கிடைத்தன. கதவில் மாட்டிய புடவையை இரண்டு முறை கேட்டேன்.

"முதியவர்" என்பதைச் சரிபார்த்தேன். ஐம்பத்தாறு வயது. தாடையைத் தடவிப் பார்த்ததில், மென்பொருளைக் கண்டிக்க முகாந்திரமில்லை. "தனியாக" என்பதிலும் பிழையில்லை. உன் புகுந்த வீட்டாரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது நம் வீட்டு வேலை என்று தெளிவாகிவிட்டது.

அந்த நேரம் எனக்கு நினைவிருக்கிறது. சிரிப்புச் சத்தம் மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்து போயிற்று. உன் சிரிப்பும் அதில் இருந்தது. யாராவது வருவார்கள், படத்தில் கைத்தடி தெரியவேண்டாம் என்று அதை மடக்கி நாற்காலிக்கடியில் வைத்தேன்.

படத்தை எடுக்காதே. ஊரெல்லாம் பார்த்துவிட்ட ஒன்றை என் ஒருவனிடமிருந்து மறைப்பதற்குத் திருத்தம் என்று பெயரில்லை. மென்பொருளின் வாக்கியம் இருந்த இடத்தில் உன் வாக்கியம் இருக்கவேண்டும். என் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுது. மேடையிலிருந்து நீ ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தாயா என்பதையும் எழுது. அது படத்தில் இல்லையே என்று சாக்குச் சொல்லாதே. கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்வது எங்கள் துறையில் உண்டு.

தொலைபேசியில் வேண்டாம். நீ அழுவாய், நான் "விடு" என்று சொல்லிவிடுவேன். விட விருப்பமில்லை.

எழுத்தில் வேண்டும். ஏப்ரல் 3, மாலை ஐந்து மணிக்குள்.

அப்பா