படிக்கட்டில் உருண்ட பெண்

ஹாலிவுட், மார்ச் 1952

அன்புள்ள அம்மாவுக்கு,

வெர்னா எழுதுகிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? நெப்ராஸ்காவில் இன்னும் பனி கொட்டுகிறதா? நான் நலமே.

நாங்கள் ஆடிய படத்தை வெளியிடும் முன், மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க நேற்று பக்கத்து ஊரான பொமோனாவில் திரையிட்டார்கள். பளிங்குப் படிக்கட்டில் பெண்கள் இறகு விசிறியோடு ஆடிக்கொண்டே இறங்கும்போது ஒருத்தி கால் இடறி உருண்டாள். அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. அம்மா, அது நான்தான். நடிப்பில்லை, படப்பிடிப்பில் உண்மையாகவே விழுந்தேன். அதை வெட்டிவிட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

வெளியே ஒரு பெண்மணி தோழியிடம், "காதல் கதையெல்லாம் கெடக்கட்டும்டி. அந்த உருண்ட பொண்ணுதான் படமே! என்னமா நடிச்சிருக்கா!" என்றாள். கட்டுப்போட்ட காலோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.

தயாரிப்பாளர் ஹாலோரன் ஓடி வந்தார். "கேட்டியா வெர்னா? அடுத்த படத்துலயும் நீ விழணும்மா!"

"விழறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆட விடுவீங்களா, சார்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்மணியிடம் கைகுலுக்கப் போய்விட்டார்.

படத்தில் பார்த்து நீங்கள் பதறக்கூடாதே என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். காலில் ஒரு சின்ன எலும்புதான் முறிந்தது, கூடிவிடும். கம்பளிக் காலுறை ஒன்று பின்னி அனுப்புங்கள், கட்டுக்கு மேல் போடும் அளவுக்குப் பெரிதாக. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இதோ பேருந்து வந்துவிட்டது.

நம் ஊர்க் கொட்டகையிலும் அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காதீர்கள், அம்மா.

அவசரத்துடன்,
உங்கள் வெர்னா