நார்பர்ட்டின் கட்டில்

ஏப்ரல் 9, 2019, செவ்வாய்

முட்டிவலி. மழை. காலையிலேயே கணினியைத் திறந்து நீர்மூழ்கிக்குள் போய்விட்டேன். நாடெங்கும் அருங்காட்சியகங்களில் நிறுத்தி வைத்திருக்கும் உலகப்போர்க்கால நீர்மூழ்கிகளை எல்லாம் இப்படி வீட்டிலிருந்தே சுற்றியாயிற்று. ஆனால் நம் ஏரிக்கரையில் நிற்கிறதே, அதுதான் அண்ணன் கப்பலுக்கு அச்சு அசல் சோடி. முன்னறையில் டார்பிடோவுக்கு மேலே தொங்கும் இடப்பக்கக் கட்டில் அண்ணன் நார்பர்ட்டுடையது என்று நானே முடிவு செய்து வெகுநாளாகிறது. "டார்பிடோ மேலதான் தூங்குறேன், குறட்ட விட்டா வெடிச்சுரும்" என்று விடுப்பில் வந்தபோது சொல்லி என்னை அழவைத்தான். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அதற்கப்புறம் அவன் வரவில்லை. அவன் கப்பலும் வரவில்லை.

ஏப்ரல் 17

டுவெயின் கூப்பிட்டார். அருங்காட்சியகத்தில் கப்பலைச் சுற்றிக் காட்டுகிற தொண்டர். போரில் மாண்டவர்களுக்கான மே மாத நினைவு நாளில், திரும்பாத நீர்மூழ்கிகளின் பேரை ஒவ்வொன்றாக வாசித்து, பேருக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள். "உங்க அண்ணன் கப்பலுக்கு நீங்கதாம்மா அடிக்கணும். வேற யாரு இருக்கா?"

முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

வருஷா வருஷம் அம்மாவையும்தான் கூப்பிட்டார்கள். அவள் போகவேயில்லை. கடற்படைத் தந்தியில் இறந்தான் என்றா இருந்தது? திரும்பவேண்டிய நாள் தாண்டிவிட்டது என்றுதானே இருந்தது. நீர்மூழ்கிக்காரர்களும் செத்தார்கள் என்று சொல்லமாட்டார்கள், இன்னும் ரோந்தில் இருக்கிறார்கள் என்பார்கள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "மணி அடிச்சா, நாமளே அவன அனுப்பி வச்ச மாதிரி ஆயிரும்" என்பாள். சாகும்வரை அவன் படுக்கைக்கு விரிப்பு மாற்றினாள்.

நானும் நம்புகிறேனா? எண்பத்துநாலு வயசில்? நம்பலைன்னா எதுக்கு தினமும் அந்தக் கட்டிலப் பாத்து "படுத்துக்கோண்ணா"ன்னு சொல்றேன்?

ஏப்ரல் 19, வெள்ளி

மகள் கொரின் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். மணி அடிக்கமாட்டேன், ஆனால் கட்டிலை நேரில் தொட்டுப் பார்க்கணும் என்றேன்.

"அந்தக் கப்பல் கதவுங்களத் தாண்டுறப்ப நீ விழுந்து வச்சா?"

"விழுந்தா அங்கயே போட்டுட்டு வா."



மே 4

போனேன். வட்டக் கதவுகளில் காலைத் தூக்கி வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. உள்ளே ஒரே டீசல் வாடை. தைத்துக் கொண்டுபோன தலையணை உறையை அந்தக் கட்டில்மேல் வைத்தேன். யாருக்கு என்று டுவெயின் கேட்டார், இது அண்ணன் கட்டில் என்றேன். தலையைச் சொறிந்தார்.

"அம்மா... புதுசா சேந்த பையனுக்குத் தனிக் கட்டில் ஏது? ரெண்டு கட்டிலுக்கு மூணு பேரு. ஒருத்தன் எந்திரிச்சதும் அடுத்தவன் விழுவான். மெத்த ஆறவே ஆறாது."

உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி! யார் கட்டிலையோ பார்த்து இத்தனை காலம் பேசியிருக்கிறேன். அவனுக்கென்று அங்கே ஓர் இடமே இல்லை. வீட்டில்தான் இருந்தது, யாரும் படுக்காமல், ஜில்லென்று.

மே 12

அன்னையர் தினம். அம்மா கல்லறைக்குப் போய், மணி அடிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மே 27, திங்கள்

அடித்தேன்.

கப்பல் பேரை வாசித்தார்கள். கயிறு கையில். கை வரவில்லை. "மெதுவாம்மா, அவசரமே இல்ல" என்றார் டுவெயின். ஓசை ஏரிமேல் போய் அடங்கும்வரை அடுத்த பேரை யாரும் வாசிக்கவில்லை.

அப்புறம் அழுதேன் பாரு — ஐயோ, என்ன அழுகை அது! அவன் வந்துருவான், அழக்கூடாதுன்னு அம்மா அன்னிக்கு என் வாயப் பொத்துனா. எல்லாம் இன்னிக்குதான் வந்துச்சு. கொரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணன் செத்துட்டாண்டி, செத்துட்டான்" என்று அத்தனை பேருக்கு நடுவில் கத்தினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

கொரின் வந்தாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். "கப்பலப் போட்டு விடட்டுமா?"

வேண்டாம், வரைபடத்தைப் போடு என்றேன். அவன் கப்பல் கடைசியாக ரோந்து போன கடலைச் சொன்னேன். பிலிப்பைன்ஸுக்கு வடக்கே. திரை முழுக்க நீலம். பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள்.

"ஒண்ணுமே இல்லியேம்மா. வெறும் தண்ணி."

"இங்கதாண்டி இருக்கான் உங்க மாமா" என்றேன்.