உன் பெயர் பொறித்த தூண்டில் முள்

இன்று காலை பத்து மணிக்கு என் போன் அலறியது. "டபுள் பாயிண்ட் ஆரம்பிச்சாச்சு, எந்திரிளா!" என்று திரையில் எழுத்து ஓடியது. மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு நீ என் போனில் வைத்துவிட்டுப் போன அலாரம். நீ போய் ஏழு மாதமாகிறது. அதை அணைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. மதியம் டிபன் பாத்திரத்தை மூடியதும் போனில் அந்த விளையாட்டைத் திறப்போம். மற்றவர்கள் அரக்கனைக் கொல்லப் போவார்கள். உனக்குக் கொல்லர் பட்டறைதான் பிடிக்கும். நூறாவது லெவல் வந்தால் முத்து மோதிரம் செய்யலாம், ஆளுக்கொன்று போட்டுக்கொள்வோம் என்பாய். முத்துநகர்க்காரிகள் இருவரும் நிஜ முத்தைத் தொட்டதே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நான்தான் அவசரக்குடுக்கை. பத்தாவது லெவலிலேயே நம் பொதுப்பெட்டியில் இருந்த இரும்பையெல்லாம் எடுத்துப் பெரிய வாள் ஒன்று அடிக்கப் பார்த்தேன். வாள் உடைந்தது, இரண்டு வார இரும்பும் போயிற்று. நீ எச்சில் கையோடு தலையில் அடித்துக்கொண்டாய்.

"கூறுகெட்டவளே, உப்பு பூத்த ஒடனே வாருனா சேறுதாம்ளா வரும்!"

நீ வேம்பார் உப்பளத்துக்காரர் மகள். பலசரக்குக் கடைக்காரர் மகளான எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!

அதன்பிறகு எல்லாம் உன் வழிதான். இருப்பதிலேயே மலிவான பொருள் தூண்டில் முள், இரண்டு இரும்பு போதும். அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் புள்ளியில்தான் லெவல் ஏறும் என்பதால், அதையே நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். அடித்ததை விற்கக் கூடாது. உடைத்தால் ஓர் இரும்பு திரும்பக் கிடைக்கும். முள்ளுக்குப் புள்ளி குறைந்ததும் சங்கிலி, அதற்கு மேல் நங்கூரம். முக்கியமாக, மாதம் முழுக்கச் சுரங்கத்தில் இரும்பை வெட்டிச் சேர்த்து, இரட்டைப் புள்ளி நாளில் மட்டுமே பட்டறையைத் தொட வேண்டும். "சேக்கது ஒரு மாசம், அடிக்கது ஒரு நாளு" என்பாய்.

நீ தொண்ணூற்றொன்பதை எட்டியிருந்த அந்தப் புதன்கிழமை, தேவையான இரும்பு பெட்டியிலேயே இருந்தது. "இப்பவே அடிச்சிருளா, நூறு ஆயிரும்" என்றேன். "எதுக்கு அவசரப்படுதே? சனிக்கெழம வரட்டும்" என்றாய். உடம்பு லேசாகச் சுடுகிறது என்று சொல்லித்தான் அன்று பஸ் ஏறினாய். அந்தச் சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் துக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். உன் பொறுமையின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இன்று பெட்டியைத் திறந்து நீ சேர்த்த இரும்பையும் என் இரும்பையும் போட்டு அடித்தேன். ஆறு மணிக்கு இரட்டைப் புள்ளி முடியும். ஐந்தே முக்காலுக்கு நானும் தொண்ணூற்றொன்பதில் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு நங்கூரம் அடித்தால் நூறு. அடித்ததையெல்லாம் உடைத்தும் அதற்கு ஓர் இரும்பு குறைந்தது; புதிதாக வெட்ட நேரமில்லை.

விளையாட்டில் என் பையில் ஒரு தூண்டில் முள் கிடந்தது. நீ முதன்முதலாக அடித்து எனக்குக் கொடுத்தது. அந்த விளையாட்டில் எதைச் செய்தாலும் செய்தவர் பெயர் தானாகவே பதிந்துவிடும். அதில் உன் பெயர் இருக்கிறது. இருபது பொருளுக்குத்தான் பையில் இடம். "எடத்த அடச்சிக்கிட்டு கெடக்கு, ஒடச்சிப் போடுளா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்!

'உடை' என்ற பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். ஆறு மணி ஆகிவிட்டது.

இனி சாதாரண நாளில் அந்த ஒரு லெவலுக்கு இரண்டு மடங்கு இரும்பு வேண்டும். திட்டுவாய், தெரியும். நன்றாகத் திட்டு. மெதுவாக வெட்டிச் சேர்த்துக்கொள்கிறேன். பையில் பத்தொன்பது இடம் எனக்குப் போதும்.