எட்டாவது கதிரை

நானா,

இன்று விடிய உங்கள் மகள் ஓட்டோவில் வந்து இறங்கினார். பின்னுக்கு எட்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நைலோன் கயிற்றால் கட்டியிருந்தன. உங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்தாகிவிட்டதாம், நாளைக்கு அவர் புத்தளத்துக்குத் திரும்புகிறார். "வாப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர் அங்கிள், கதிரையளை உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி" என்றார். கயிற்றைப் பிடித்து இறக்கும்போது அந்த எலுமிச்சம்பழச் சோப்பு மணம் அடித்தது. சனிக்கிழமைகளில் நாங்கள் வருவதற்கு முன் நீங்கள் துடைத்து வைக்கும் அதே மணம்.

"ஏழு பேருக்கு மேலை வாறேல்லை, ஏன் வாப்பா எட்டு எண்டு கேட்டனான். எட்டாவது உங்களுக்காம். நீங்கள் ஒரு நாளும் இருக்கேல்லையாம்" என்று சொல்லிச் சிரித்தார் உங்கள் மகள். நானும் சிரித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நீங்கள் வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லை.

கச்சேரியில் பார்த்த அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் குந்தியிருக்கப் பிடிக்காமல் நான் தொடங்கிய காரியம் இது. சனிக்கிழமை காலைகளில் வெளியூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு நகரத்தை நடந்து காட்டுவது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சேர்ந்து, நூலகம், கோட்டை வாசல், பெரியகடை, பிறகு உங்கள் சோனகத் தெரு. ஏழு பேருக்கு மேல் போனால் ஒருவர் நிச்சயம் தொலைந்துபோவார், அவரை ஐஸ்கிறீம் கடையில்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஏழு. கையில் ஒரு சிவப்புக் குடை, மழைக்கு அல்ல, எல்லோரும் என் பின்னால் வருவதற்கு.

"இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாண நகரம்" என்று நோட்டீஸ் அடித்திருந்தேன். உங்களிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு வாசித்தீர்கள். "எங்களுக்கும் ரெண்டு மணித்தியாலந்தான் தந்தவை" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரல். தொண்ணூறில் இயக்கம் நகரத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லித் தந்த அவகாசம் அது. எனக்கு முகம் கறுத்துப்போயிற்று, ஆனால் நோட்டீஸை மாற்றவில்லை. அடித்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் உங்களையே கேட்டேன். "கால் மணித்தியாலம் போதும் நானா. அண்டைக்கு நடந்ததை உங்கடை வாயாலை சொன்னா அவைக்கு விளங்கும்." நீங்கள் அரைவாசிக்குக் கூரை போட்ட அந்த வீட்டின் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தீர்கள். மனைவி மக்கள் புத்தளத்தில். நீங்கள் மட்டும் தனியே திரும்பி வந்து, ஒவ்வொரு அறையாகத் திருத்திக்கொண்டிருந்த காலம். "சரி. நான் தமிழிலை சொல்லுறன், நீர் இங்கிலீசிலை சொல்லும்" என்றீர்கள். அடுத்த கிழமை வந்தால் எட்டுப் புதுக் கதிரைகள் விறாந்தையில் இருந்தன, பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்ரீ.

நீங்கள் சொல்வது ஒவ்வொரு சனியும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு மனப்பாடம்.

"லவுட்ஸ்பீக்கரிலை எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னாங்கள். ஏதோ கூட்டமெண்டுதான் நாங்கள் நினைச்சது. உம்மாக்கு நடக்கேலாது, கால் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. மரக்கதிரை ஒண்டிலை இருத்தி நானும் என்ரை தம்பியும் தூக்கிக்கொண்டு நடந்தம். தெரு திரும்பிற முடக்கிலை சனம் நிண்டது, எங்கடை தமிழாக்கள். சைக்கிளோடை நிண்டவை. பாத்துக்கொண்டு நிண்டவை. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. மைதானத்திலை கொண்டுபோய் இறக்கினாப்பிறகு உம்மா என்ன கேட்டவ தெரியுமோ? 'கதிரையை ஆர் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறது?' எண்டு கேட்டவ."

உம்மாவின் கேள்வியில் வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கும். பயணத்தின் சிறந்த இடம் அந்த விறாந்தைதான் என்று பிறகு இணையத்தில் எழுதுவார்கள். அதை வாசிக்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அவர்கள் கேட்டது நீங்கள் சொன்ன கதை அல்ல. கதிரையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, நேரே மைதானத்தில் இறக்கினார்கள் என்பதற்குப் போய்விடுவேன். முடக்கு இல்லை, சனம் இல்லை, சைக்கிள் இல்லை. முதல் சனிக்கிழமை அது தற்செயலாக விடுபட்டது என்று என்னையே நம்பவைத்தேன். இரண்டாவது கிழமை நேரம் போதவில்லை என்றேன். மூன்றாவது கிழமை, வந்தவர்களுக்கு முன் இரண்டு சனத்துக்கும் இடையில் பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று பெரிய மனுசன்போல் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அதன் பிறகு நியாயமும் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் அந்த முடக்கைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கு வந்ததும் குடையை உயர்த்தி, எதிர்ப்பக்கத்து வீடொன்றின் பழைய கதவைக் காட்டுவேன். ஒல்லாந்தர் காலத்துக் கதவுபோல இருக்கிறதல்லவா என்பேன். எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டே முடக்கைக் கடந்துவிடுவார்கள்.

அங்கே நின்றவர்களில் நான் ஒருவன், நானா.

சைக்கிளோடு நின்றேன். உங்கள் சைக்கிள் கடையில்தான் அதற்குப் பின் கரியர் பூட்டினேன், உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரணக் கரியர் கேட்டேன். நீங்கள் தடித்த கம்பியில் ஒன்றை எடுத்துப் போட்டு, அதில் நீங்களே ஏறி இருந்து காட்டினீர்கள். "கொம்மாவைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போகலாம். ஒண்டும் நடவாது" என்றீர்கள். அந்தக் கரியரில் உங்கள் உம்மா இருந்திருக்கலாம். முடக்கிலிருந்து மைதானத்துக்கு உருட்டிக்கொண்டு போனாலும் ஐந்து நிமிடம்.

பயம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பயம் இருந்தது, துவக்கோடு இயக்கப் பெடியள் நின்றார்கள். ஆனால் அது முழு உண்மை அல்ல. கொடுத்தால் சைக்கிள் திரும்பி வராது என்று நினைத்தேன். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிள் போனால் எங்கே தேடுவது? அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது இந்தக் கணக்குத்தான். உங்கள் உம்மா கரியரைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து வருடம் கழித்து நாங்களும் ஊரோடு இடம்பெயர்ந்தோம். அதே கரியரில் அம்மாவை இருத்தி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கம்பி வளையவில்லை. அப்போது உங்களை நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைக்கவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து நீங்கள் திரும்பி வந்தபோது என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "என்ன தம்பி, கொம்மா சுகமே?" என்று கேட்டீர்கள். உங்கள் உம்மாவைப் பற்றி நான் திருப்பிக் கேட்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் நினைவில்லை என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன். நீங்கள் எங்களுக்காக வாய் திறந்த முதல் சனிக்கிழமை அந்த ஆறுதல் போய்விட்டது. என்றாலும், ஆர் ஆர் நின்றார்கள் என்று தெரிந்திருக்காது, அத்தனை பேருக்குள் என்னைக் கண்டிருக்கமாட்டார் என்று மிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஜேர்மன்காரப் பெண் வந்தாள். உங்கள் தாயார் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாரா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் உங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொல்ல வாய் திறக்கமுன், நீங்களே இங்கிலீஷில் பதில் சொன்னீர்கள். இல்லை, புத்தளத்தில் மவுத்தாகி அங்கேயே அடக்கம் என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவூதியிலை நாலு வருசம் இருந்தனான் தம்பி. கேட்டா விளங்கும், வடிவாக் கதைக்கத்தான் வராது" என்றீர்கள்.

கேட்டால் விளங்கும். அப்படியானால் அத்தனை சனிக்கிழமையும் நான் எதைச் சொன்னேன், எதை விழுங்கினேன் என்று முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டே அடுத்த கிழமையும் அந்த வசனங்களைச் சொன்னீர்கள், அதே இடத்தில், அதே வேகத்தில், நான் எடுத்துக்கொள்வதற்காக. நான் எடுக்கவில்லை. முடிந்ததும் "இரும் தம்பி, ரீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று கதிரையைக் காட்டுவீர்கள். நேரம் போகுது நானா என்று குடையைத் தூக்குவேன்.

கடைசியாக நாங்கள் வந்த சனிக்கிழமையை எப்படி எழுதுவது? அன்று வந்தது கனடாவில் இருந்து ஒரு குடும்பம், தாய் தகப்பன், மூன்று பிள்ளைகள். எல்லோரும் நல்ல தமிழ் கதைத்தார்கள். "இண்டைக்கு உமக்கு வேலை இல்லை" என்று என்னைப் பகிடி பண்ணினீர்கள். இன்று நீங்கள் சொல்வது அப்படியே அவர்கள் காதில் விழும். ஆர் நின்றது என்று ஒரு பிள்ளை கேட்டால் நீங்கள் என் பக்கம் திரும்பினால் போதும். கதவோரமாகப் போய் நின்றேன்.

நீங்கள் தொடங்கினீர்கள். லவுட்ஸ்பீக்கர், கூட்டம், உம்மாவின் கால், மரக்கதிரை. "நானும் என்ரை தம்பியும் தூக்கிக்கொண்டு நடந்தம்" என்றீர்கள். பிறகு கொஞ்சம் நிறுத்தினீர்கள். என்னைப் பார்க்கவில்லை, கோப்பைகளைத்தான் பார்த்தீர்கள். "மைதானத்திலை கொண்டுபோய் இறக்கினாப்பிறகு உம்மா என்ன கேட்டவ தெரியுமோ?" என்று போய்விட்டீர்கள்.

அத்தனை நாள் நான் விட்டதை அன்று நீங்களே விட்டீர்கள். எனக்காக. அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அந்த முடக்கில் என்னைக் கண்டிருக்கிறீர்கள் என்று. கரியரையும்கூட. கனடாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் ஒரு கோப்பையை நீட்டி, "ரீ ஆறப்போகுது, குடியும்" என்றீர்கள். நின்றபடியே குடித்தேன்.

அடுத்த கிழமை தனியாக வந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று இருந்தேன். நீங்கள் நோன்புக்குப் புத்தளம் போனீர்கள். பெருநாள் முடிந்து வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம், போனில் சொல்லக்கூடாது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்! உங்கள் மகள் என்னைப் போனில் கூப்பிட்டு மாரடைப்பு என்றார், பின்னேரமே அடக்கம் என்றார். பஸ் பிடித்தாலும் போய்ச் சேரமுடியாது என்று வீட்டில் இருந்துவிட்டேன். சேர்ந்திருக்கமுடியாதுதான். ஆனால் பஸ் நிலையம்வரை கூட நான் போகவில்லை.

இன்றும் சனிக்கிழமை. கதிரைகளை இறக்கி வைத்துவிட்டுக் குடையோடு போனேன். அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு வயதான தம்பதி, தனியாக வந்த ஒரு இளம்பெண், மூன்று பேர்தான். உங்கள் வீடு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் சோனகத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். முடக்கில் குடையை மடக்கினேன். பழைய கதவைக் காட்டவில்லை. உங்கள் கதையை உங்கள் வசனம் ஒன்றும் விடாமல் சொன்னேன், சைக்கிளோடு நின்றவர்களில் நானும் ஒருவன் என்றும் சொன்னேன். அந்தப் பெண் கேட்டாள், அந்த வீட்டுக்காரருக்கு அது தெரியுமா என்று. தெரியும் என்றேன். நான் அதை அவரிடம் சொன்னேனா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஒருவரும் என்னைத் தேற்றவில்லை. நல்லதாகப் போயிற்று. குடையை விரிக்காமலே நடந்தோம்.

இப்போது பின்னேரம். கயிற்றை வெட்டிக் கதிரைகளைப் பிரித்து வைத்தேன். எட்டும் ஒரே மாதிரி, எது எனக்கென்று நீங்கள் வைத்தது என்று தெரியவில்லை. மேலே இருந்ததை எடுத்துப் போட்டு அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் அவர்களுக்கும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை, நீங்கள் அப்போது ஊரில் இல்லை.

உங்கள் உம்மாவின் மரக்கதிரை மைதானத்து மதில் ஓரமாகப் பல நாள் கிடந்தது. ஒரு கை கொஞ்சம் ஆடும், இருக்கையில் பிரம்பு பின்னியது. கச்சேரிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போனேன். துவக்கோடு அங்கே ஒருவரும் நிற்கவில்லை. கரியரில் வைத்துக் கட்டினால் உங்கள் வாசல்வரை ஐந்து நிமிடம். பிறகு மழை பெய்தது, அடுத்த நாள் போகும்போது கதிரை அங்கே இல்லை.