மரமில்லாமல் ஓடிய ரம்பம்

ராஜபாளையம், 14.11.1989, செவ்வாய்.

எழுத வேண்டியவை:
1. ராஜுவின் மர மில்லுக்குப் போனது.
2. நான் கையெழுத்திட்ட மனு.
3. ராஜுவுக்கு என் மேல் வந்த கோபம்.

மலையில் மரம் வெட்டுவதை நிறுத்தக் கேட்டு ஊரார் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்திட்டேன். குத்தகைக்காரர்கள் வருடக்கணக்காக வெட்டியதில், மாசியிலேயே ஓடை வற்றிவிடுகிறது. இப்போது வெட்டு நின்றுவிட்டது. ராஜுவின் மில்லுக்கு மரமும் வரவில்லை. பழைய நண்பர், நானே சொல்லிவிடுவது முறை என்று மாலையில் போனேன்.

"வாரும் வாத்தியாரே! மலையைக் காப்பாத்திட்டீராமே? எங்களை எந்த மனுவுல காப்பாத்துவீரு?" என்று சிரித்தார்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய் மிஷினைப் போட்டார். மரமே இல்லாமல் ரம்பம் சுற்றியது. என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மில்லில் மரம் அறுக்கும் காசிம் தெருமுனைவரை கூட வந்தான்.

"கோவிச்சுக்கிடாதீய சார். பின்கட்டுல மொதலாளியம்மா படுத்த படுக்கையா கெடக்காக. மரம் வாரது நின்னது அவியளுக்குத் தெரியாது. சத்தம் கேக்கலேன்னா பதறிருவாக. அதான் அவிய முழிக்கிறப்ப செத்த நேரம் ஓட விடுதாரு."

சமாதானத்துக்குச் சொல்கிறான் என்றே நினைத்தேன்.

மனு கொடுத்தது தவறென்று இப்போதும் தோன்றவில்லை. ஆனால் எழுதும்போதுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிஷினைப் போட்டபின் ராஜு என் பக்கம் திரும்பவே இல்லை. பின்கட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.