தெருமுனையில் நான் வைத்த கல்

2003 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மறுபடியும் முனைக்கம்பத்தடியில் குப்பையைக் கொளுத்திவிட்டார்கள். யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் நெருப்பு தானாகவே பற்றிக்கொள்ளும் போலிருக்கிறது! என் மனைவி அறிவுச்செல்விக்கு ஆறு மணிக்கே இழுப்பு வந்துவிட்டது. "ஏங்க... சன்னலை..." என்றாள். அதற்கு மேல் மூச்சு இல்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்த் திரும்ப ஒன்பதரை. லாரி ஆபீசுக்கு அரைநாள் லீவு.

பொங்கலிலிருந்து மகளிர் குழுவின் மூன்று சக்கர வண்டி வருகிறது. முத்துப்பேச்சி விசில் ஊதிக்கொண்டு வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்கிறாள். மக்குவது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. பாதித் தெரு தருகிறது. மீதிப் பாதி பழைய பழக்கத்தில் முனைக்கே நடக்கிறது. இன்று அவள் சொன்னாள்: "முனையில குப்பை கெடந்தா இந்தத் தெருவுக்கு வண்டி கெடையாதுன்னு துப்புரவு மேஸ்திரி சொல்லிட்டாருண்ணே. பங்குனி முடிய பாப்பாராம்."

வண்டியும் நின்றால் தெரு மொத்தமும் அங்கேதான் கொட்டும். கொட்டினால் கொளுத்தும். அறிவுச்செல்வி என்ன ஆவாள்?

பிப்ரவரி 8

'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை எழுதிக் கம்பத்தில் கட்டினேன். பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி அக்கா என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று புகழ்ந்தார். புகழ்ந்துவிட்டு அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 9

பலகையையும் சேர்த்து எரித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 11

செய்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

விடியற்காலையில் எழுந்து முனையைக் கூட்டி அள்ளினேன். கொல்லையில் கிடந்த உடைந்த அம்மிக்குழவியை எடுத்துப்போய்க் கம்பத்தடியில் நட்டேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நாலு அரளிப்பூவும் போட்டேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முழந்தாள் போடுகிற இந்தச் சேவியர்தான். அறிவுச்செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 15

நாலு நாளாக ஒரு காகிதத் துண்டு விழவில்லை! இவள் ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள். நானும்.

பிப்ரவரி 21, வெள்ளி

குழவிக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். தேங்காய் உடைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழ மாலை வேறு.

பிப்ரவரி 28, வெள்ளி

நான் ஒரு மடையன். இப்போது முனையில் என்ன கிடக்கிறது? அழுகின மாலை, வாழை இலை, தேங்காய்மூடி, கற்பூர டப்பா, பொங்கல் வைத்த இடத்துச் சாம்பல். முன்பு கிடந்ததைவிட ஒரு முழம் உயரம். முத்துப்பேச்சியோ தொடமாட்டேன் என்கிறாள். "சாமிக்குப் போட்ட பூவைக் குப்பை வண்டியில எப்படிண்ணே போடுவேன்? எனக்குப் புள்ளைக இருக்கு." அவள் சொல்வதும் நியாயம்தானே. நாளைக்கு இதையும் யாராவது கொளுத்துவார்கள்.

இது போதாதென்று புவனேஸ்வரி அக்கா சாயங்காலம் வந்தார். பீடம் கட்டப்போகிறார்களாம். "நீங்கதான் சாமி பேரை அழகா எழுதித் தரணும் தம்பி."

என்ன பெயர் எழுதுவேன்? தெரிந்தால் விடுவார்களா? வேதக்காரன் எங்களைக் கல்லைக் கும்பிட வைத்து வேடிக்கை பார்த்தான் என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும். இருபது வருஷம் சட்டினி சாம்பார் மாற்றிக்கொண்ட தெரு.

மார்ச் 2, ஞாயிறு

இவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பம்ப் வைத்து இழுத்து, அடங்கியதும் திட்டினாள். "என் இழுப்புக்காகவா இம்புட்டும் பண்ணுனீங்க? நேரா கண்ணுசாமி அண்ணன்கிட்டப் போயி சொல்லிருங்க. வேற ஆள் சொல்லித் தெரிஞ்சா அசிங்கம்." கண்ணுசாமி அண்ணன் புவனேஸ்வரி அக்காவின் வீட்டுக்காரர். தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதுதானே என் பயமும்.

மார்ச் 3

போனேன். தனியாகத்தான் இருந்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் சேவியரு," என்றார். "மொத நாளே தெரியும். அது எங்க வீட்டுக் குழவி, ஒடைச்சதே நான்தானப்பு. என் மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் முளை அடிக்க எடுத்தேன், ரெண்டாப் போச்சு. சத்தம் காட்டாம உங்க கொல்லையில போட்டுட்டு வந்துட்டேன்."

"அப்ப ஏண்ணே பேசாம இருந்தீங்க?"

"குப்பை நின்னுச்சுல்ல? தங்கச்சி இருமுறது எங்க வீட்டுக்கும்தான் கேக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். ஐம்பது வயதில், மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொண்டு.

கும்பிட்டாகிவிட்டது, இனி அந்தக் கல்லை எடுப்பது முறையில்லை என்றார். மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். "குழவி ஒடைஞ்ச கதையை என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீங்க."

மார்ச் 7, வெள்ளி

பார்த்துக்கொண்டார். பெண்களைக் கூட்டி, சாமி வெட்டவெளியில் இருக்கவே பிரியப்படுகிறது, பீடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அழுகின பூ காலடியில் கிடப்பது சாமிக்கு ஆகாது என்றும் சொன்னார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்க வேண்டுமே! நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முத்துப்பேச்சியின் வண்டியில் முன்பக்கம் புதுக் கூடை ஒன்று கட்டியாகிவிட்டது. சாமிப் பூவுக்கும் இலைக்கும் மட்டும். வேறு குப்பை அதில் படாது. மகளிர் குழுவின் உரக்கொட்டகையில் கால் படாத ஓரமாக அதற்கென்று தனிக்குழி வெட்டியிருக்கிறார்கள். "இப்ப மனசுக்கு ஒண்ணும் உறுத்தலைண்ணே," என்றாள்.

மார்ச் 19

புகை இல்லை. புதுக் கூடை வந்து பன்னிரண்டு நாள்.

ஏப்ரல் 12, சனி

நேற்று மேஸ்திரி வந்து முனையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வண்டி நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை விசில் கேட்டபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். வண்டி எங்கள் வாசலைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. அறிவுச்செல்வி இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு முனை வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறாள். திடீரென்று அங்கிருந்து அவள் குரல்.

"ஏங்க! மீன்முள்ளைக் கொண்டுபோயி மக்காத குப்பை வாளியில போட்டுருக்கீகளே, தெருவுக்கெல்லாம் புத்தி சொல்ற மனுசனுக்கு இது தெரியாதா, முத்துப்பேச்சி சிரிக்கிறா, வந்து நீங்களே பொறுக்கிப் போடுங்க!"

பன்னிரண்டு வீடு தள்ளி நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல். பாதிச் சவரத்தோடு ஓடினேன்.