கடைசி மேட்டுக்கு இந்தப் பக்கம்

அக்கா,

இன்று காலை ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைத்தேன். அதற்கு முன்னால் ஜீப்பின் பெட்ரோல் குழாயைக் கழற்றித் துடைத்திருந்தேன். எவ்வளவு சோப்பு போட்டும் விரலில் அந்த வாடை போகவில்லை. சந்தனமும் பெட்ரோலும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பூஜைப் பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால், "என்னடி, சாமி வந்துடுச்சா?" என்று கேட்டிருப்பாய்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் அந்தக் காயலான் கடைக்கு என்னை அழைத்துப்போனாயே, அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் தலை சுற்றியது. ஜீப்பின் தரைத் தகட்டைப் பிளந்துகொண்டு ஆமணக்குச் செடி முளைத்திருந்தது. ஸ்டியரிங்கில் ஏதோ கொடி படர்ந்திருந்தது. இரும்பு விலைக்குப் பேசி முடித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாய். "இதுக்குப் பேரு வண்டியா? கருமாதி பண்ணிட்டு வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே ஏறி அந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அசையாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கேயோ வெகுதூரம் போய்க்கொண்டிருப்பவள் போலச் சிரித்தாய்.

அத்தான் காலமான பிறகு, பெங்களூருக்கு வந்துவிடும்படி உன் பிள்ளை நச்சரித்துக்கொண்டிருந்தான். வீட்டை விற்க ஆள்கூடப் பார்த்துவிட்டான். நீயோ புருலியா பக்கம் காட்டிலும் ஆற்று மணலிலும் நடக்கிற ஜீப் ராலிப் பந்தயத்தை ஒருமுறை வேடிக்கை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. கடைசியில் போனில் அவனுக்கு வாக்குக் கொடுத்தாய்: "ஒரே ஒரு ராலிடா. நானே ஓட்டி முடிச்சுடறேன். முடிச்ச மறுநாளே பெட்டி கட்டிடறேன்."

நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். நீ போய்விட்டால் இந்த ஊரில் எனக்குத் தமிழில் சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். துரு உதிர உதிர, உன்னை ஊரைவிட்டு அனுப்ப நானே வழி பண்ணுகிறேன் என்று உள்ளுக்குள் அழுதேன்.

டாக்குரியாவில் மெக்கானிக் ஹாபுல் தாவின் ஷெட்டில் நமக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுவாய். உன் கால் மட்டும் எனக்குப் பதில் சொல்வது போல ஆடும். விஸ்வகர்மா பூஜையன்று ஹாபுல் தா நம்மை ஸ்பானரைத் தொடவிடவில்லை. ஜீப்பின் முன்சீட்டிலேயே சாமியை உட்கார வைத்துவிட்டார். துர்கா பூஜைக்கு ஷெட்டையே பூட்டிவிட்டுப் போனார். நீ சும்மா இருப்பாயா? கார்புரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஆயுத பூஜைக்கு வாழையிலையில் பரப்பினாய். ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாய். விஜயதசமியன்று வேலை தொடங்கியே ஆகவேண்டும் என்று நீயே அதைத் திரும்பப் பூட்டினாய்.

"பொட்டைத் துடைச்சுட்டு மாட்டு அக்கா."

"சாமிக்கு வச்சதைத் துடைப்பாங்களா? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இருந்தது. ராலியன்று காட்டுப் பாதையில் வண்டி குலுங்கிய குலுங்கலில் காய்ந்த சந்தனம் பொடிந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைக்குள் போய் அடைத்துக்கொண்டது. ஜீப் இருமி இருமி ஆற்றங்கரையில் நின்றது. ஹாபுல் தாவுக்குப் போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டு அவர், "தீதி, நான் சாமியைச் சீட்டிலதானே வச்சேன். நீங்க இன்ஜினுக்குள்ளேயே வச்சுட்டீங்களே" என்றார்.

அந்தத் துளையை என் புடவை ஊக்கால் குத்தி, வாயால் ஊதினாய். உதடெல்லாம் கறுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆற்று மணலில் நாம் இறங்கியபோது மற்ற வண்டிகளின் புழுதிகூட அடங்கியிருந்தது. இரு கரையிலும் காஷ் என்கிற நாணல் பூ வெள்ளை வெளேரென்று சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தண்ணீர் முட்டளவு. அதற்குள் வானம் கிடந்தது; அதன் மேல் ஏறி மெதுவாகப் போனோம். பயமே இல்லை எனக்கு. அக்கரையில் ஒரே ஒரு மேடு. அதற்கு அப்பால்தான் முடிவுக் கொடி. அதன் நுனி தெரிந்தது.

நீ வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிவிட்டாய்.

"என்னக்கா, மறுபடி அடைச்சுக்கிச்சா?"

"இல்லடி. நல்லாத்தான் இருக்கு. சித்த உக்காரலாம்."

"நேரம் போகுது அக்கா. ஒரே மேடுதான்."

"முடிச்சுட்டா பெட்டி கட்டணுமே" என்றாய், பூக்களைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் விசில் ஊதி நேரம் முடிந்தது என்றார்கள். அன்று சாயங்காலம் பிள்ளைக்குப் போன் போட்டு, "முடிக்க முடியலடா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவ்வளவு சோகமாகச் சொன்னாய். பாவம், அவன் உனக்கு ஆறுதல் சொன்னான்.

அடுத்த வருடமும் அதே மேடு. அதற்கடுத்த வருடமும். ராலி நடத்துகிற பையன்கள் நமக்கு அங்கேயே டீ கொண்டுவந்து கொடுக்கப் பழகிவிட்டார்கள். போன குளிர்காலத்தில், பெட்டி கட்டாமலேயே, உன் கட்டிலில் தூக்கத்திலேயே போனாய். உன்மேல் எனக்குக் கோபம்தான். என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பூஜை முடிந்து மத்தியானம் உன் பிள்ளை பேசினான். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டான். இந்த வருடம் நான் ஓட்டப்போகிறேன் என்றேன்.

"சரி சித்தி. அம்மாவுக்காக நீங்களாவது அந்த மேட்டை ஏறி முடிச்சுடுங்க."

"முடிச்சா உங்கம்மா போயிடுவாடா" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை.